பேதுரு தப்பினார், யாக்கோபு தப்பவில்லை: உபத்திரவத்தின் நடுவில் எப்படிச் சாட்சி சொல்வது?

தேரிமணல் (தொடக்கப் பதிவு)

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு ஸ்தோத்திரம்.

அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரத்தை முன்வைத்து ஒரு கேள்வியை எழுப்ப விரும்புகிறேன். அந்த அதிகாரத்தின் இரண்டாம் வசனத்தில் ஏரோது ராஜா, யோவானின் சகோதரனும் அப்போஸ்தலனுமாகிய யாக்கோபைப் பட்டயத்தினால் கொலை செய்கிறான். அதற்குச் சில வசனங்கள் தள்ளி, அதே ஏரோதின் சிறையிலிருந்து பேதுரு தேவதூதனால் விடுவிக்கப்படுகிறார். நம் பிரசங்கங்களில் இரும்புக்கதவு தானாய்த் திறந்த காட்சிக்கு அரைமணி நேரம் கிடைக்கிறது. யாக்கோபுக்கு அரை நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. சபை பேதுருவுக்காக ஊக்கமாய் ஜெபித்தது என்று எழுதப்பட்டிருக்கிறது. யாக்கோபுக்காகவும் அவர்கள் ஜெபித்திருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இதைக் கேட்பதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் சேகரத்தில் (ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள திருச்சபை வட்டத்தில்) ஸ்தோத்திரப் பண்டிகையின்போது சாட்சி நேரத்தில் ஒரு தாய் எழுந்து, இருசக்கர வாகன விபத்திலிருந்து தம் மகனைக் கர்த்தர் உயிரோடு திருப்பித் தந்ததைக் கண்ணீரோடு அறிவித்தார். அது உண்மையான சாட்சி. ஒரு சொல்லும் மிகை இல்லை. ஆனால் அதே வண்டியில் பின்னால் அமர்ந்து சென்ற பையன் பிழைக்கவில்லை. அவனுடைய பெற்றோரும் அன்று ஆலயத்தில் இருந்தார்கள். "ஜெபத்தைக் கேட்கிற தேவன்" என்று சபை முழுவதும் சொன்னபோது அவர்கள் இருவரும் என்ன சொல்லியிருக்க முடியும்?

அந்தத் தாய் சாட்சி சொல்லியிருக்கக் கூடாது என்பது என் வாதமன்று. "ஆபத்துக்காலத்தில் என்னை நோக்கிக் கூப்பிடு, நான் உன்னை விடுவிப்பேன், நீ என்னை மகிமைப்படுத்துவாய்" என்ற 50-ஆம் சங்கீதத்தின் வசனத்தில் மூன்றாவது பகுதியும் கட்டளைக்குச் சமமானதே, விடுவிக்கப்பட்டவர் வாய் மூடியிருக்க அனுமதி இல்லை. என் கேள்விகள் இரண்டு. விடுதலை கிடைத்தவர், கிடைக்காதவருக்கு முன்பாக எப்படிச் சாட்சி சொல்ல வேண்டும்? இன்னும் போராட்டத்தின் நடுவில் இருப்பவர், முடிவு தெரியாத நிலையிலேயே பொய் கலக்காமல் சொல்லக்கூடிய சாட்சி ஏதாவது உண்டா?

ஆவடி விசுவாசி

சகோதரருக்கு ஸ்தோத்திரம். உங்கள் வேதனை புரிகிறது. ஆனாலும் இப்படிப்பட்ட கேள்விகள் சாட்சி சொல்பவர்களின் வாயை மெதுவாக அடைத்துவிடும் என்று அஞ்சுகிறேன்.

எங்கள் சபையில் பெரும்பாலோர் முதல் தலைமுறை விசுவாசிகள். குடிப்பழக்கத்தினாலும் வட்டிக்கடனாலும் சிதைந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் பலர். அவர்களுக்கு இறையியல் புத்தகங்கள் எட்டாது. போன ஞாயிறு எழுந்து நின்று, "கூலி வாங்கிய பணத்தை முதல் தடவையாக முழுதாக வீட்டில் கொடுத்தேன்" என்று சொன்ன ஒரு மனிதனுடைய சாட்சியைக் கேட்டு, பின்வரிசையில் இருந்த இன்னொருவன் அந்த வாரம் மதுக்கடை வாசலைக் கடந்து நேரே வீட்டுக்குப் போகிறான். அவன் கையில் இருக்கும் ஒரே ஆதாரம் அந்தச் சாட்சிதான். "ஆட்டுக்குட்டியின் இரத்தத்தினாலும் தங்கள் சாட்சியின் வசனத்தினாலும் அவனை ஜெயித்தார்கள்" என்று வெளிப்படுத்தின விசேஷம் 12:11 சொல்கிறதே.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். தானியேல் 3-ஆம் அதிகாரத்தில் அக்கினிச்சூளைக்கு முன்பாக மூவர் சொன்ன "விடுவிக்காமற்போனாலும்" என்ற வார்த்தையை இப்போது பலர் பயன்படுத்தும் விதம் எனக்கு உடன்பாடில்லை. ஜெபம் கேட்கப்படாமல் போனால் வெட்கப்படக் கூடாது என்பதற்காக முன்கூட்டியே கட்டிவைக்கும் காப்பீட்டுத் தவணையைப்போல அது ஆகிவிட்டது. விசுவாசத்தோடு கேட்க மனமில்லாதவர்கள் பக்தியாய் ஒளிந்துகொள்ளும் இடமாக அது மாறக் கூடாது.

மாலைத் தியானம்

ஆவடிச் சகோதரர் மேற்கோள் காட்டிய வசனம் அதன் முழு வடிவில் இப்படி ஆரம்பிக்கிறது: "மரணம் நேரிடுகிறதாயிருந்தாலும் அதற்குத் தப்பும்படி தங்கள் ஜீவனையும் பாராமல்". கூட்டங்களின் மேடைப் பதாகைகளில் இந்த முதற்பகுதியை நான் பார்த்த நினைவில்லை. தப்பியவர்கள் மட்டுமல்ல, தப்ப மறுத்தவர்களும் சேர்ந்துதான் அங்கே ஜெயித்தார்கள் என்று எண்ணப்படுகிறார்கள்.

நான் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். சங்கீதங்களைச் செய்யுளாக வாசிப்பது என் பழக்கம். தேரிமணல் தம்பியின் முதல் கேள்விக்கு 107-ஆம் சங்கீதத்தில் நல்ல விடை இருக்கிறது. வனாந்தரத்தில் வழிதப்பியவர்கள், இருளில் விலங்கிடப்பட்டவர்கள், தங்கள் அக்கிரமங்களினிமித்தம் நோயுற்றவர்கள், கடல்யாத்திரையில் புயலில் சிக்கியவர்கள் என்று நான்கு கூட்டத்தாரை அது வரிசையாக நிறுத்துகிறது. ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் முதலில் இக்கட்டு விரிவாகச் சொல்லப்படுகிறது, பிறகு கூப்பிடுதல், பிறகு விடுதலை, கடைசியில்தான் துதி. கடலில் சிக்கியவர்களைப் பாருங்கள். ஆகாயத்தில் ஏறி ஆழங்களில் இறங்குகிறார்கள், ஆத்துமா கரைந்துபோகிறது, வெறித்தவனைப்போல் தடுமாறுகிறார்கள், அவர்களுடைய ஞானமெல்லாம் முழுகிப்போகிறது. அமைதி வருவதற்கு முன்பு இத்தனை வரிகள். நம்முடைய சாட்சிகளிலோ இக்கட்டு ஒரு வரியில் முடிந்து, "ஆனால் கர்த்தர்" என்று உடனே தாவிவிடுகிறோம். கேட்பவர் இன்னும் அந்த இக்கட்டுக்குள்ளேயே இருப்பாரானால், அந்தத் தாவலில் அவர் பின்தங்கிப்போகிறார். இக்கட்டை உள்ளபடி, அதன் நீளத்தோடு சொல்லும் சாட்சியில் மட்டுமே அவர் தம்மை அடையாளம் காண முடியும்.

இரண்டாவது கேள்விக்கு 88-ஆம் சங்கீதம். அதில் விடுதலை வரவே இல்லை. நண்பர்கள் விலகிப்போய், அறிமுகமானவர்கள் மறைந்துபோன நிலையில் அது நின்றுவிடுகிறது. ஆனால் அதன் முதல் சொற்கள், "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்பவை. முடிவு தெரியாதவர் சொல்லக்கூடிய சாட்சி அந்த விளியிலேயே அடங்கியிருக்கிறது. ஆலயப் பாடகராகிய கோராகின் புத்திரர் இதை ஆலயத்தில் பாடினார்கள், ஒதுக்கி வைக்கவில்லை.

இரவுப்பணி

நான் சிறுநீரக நோயாளிகளுக்கான டயாலிசிஸ் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். இறையியல் வாதத்தில் எனக்குப் பயிற்சி இல்லை. கண்ணால் கண்டதைச் சொல்கிறேன்.

வாரத்துக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு இணைக்கப்பட்டிருப்பவர்களுக்கு "விடுதலை" என்பது என்ன என்று வெளியிலிருந்து வருபவர்களுக்கு எளிதில் புரிவதில்லை. அவர்களில் ஒருவர் தம் மருத்துவக் கோப்பின் பிளாஸ்டிக் உறைக்குள் புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையை வைத்திருந்தார். தண்ணீர் அளவோடுதான் குடிக்க வேண்டும் என்பதால், தாகம் எடுக்கும்போது ஒரு சிறு பனிக்கட்டியை வாயில் அடக்கிக்கொண்டு அந்த வசனத்தை வாசிப்பார். சபையிலிருந்து பார்க்க வந்தவர்கள், "அடுத்த மாதம் உங்களுக்கு இந்த இயந்திரமே தேவைப்படாது, விசுவாசியுங்கள்" என்று அறிக்கையிட்டு ஜெபிப்பார்கள். அவர் அவர்களைத் தடுக்க மாட்டார். ஜெபம் முடிந்த பிறகு, தம் இடது கையை நீட்டி, ஊசி ஏற்றுவதற்காக அறுவைசிகிச்சை செய்து இரத்தக்குழாய்களை இணைத்திருக்கும் இடத்தைக் காட்டி, "இது அடைத்துப்போகாமல் இருக்க ஜெபியுங்கள், அண்ணன், இதுதான் இப்போது என் தேவை" என்பார். அந்த இடத்தில் விரலை வைத்தால் இரத்தம் ஓடும் அதிர்வு தெரியும். ஒவ்வொரு காலையும் அந்த அதிர்வு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு ஸ்தோத்திரம் சொல்வது தம் வழக்கம் என்றார்.

அது விசுவாசக் குறைவு என்று எனக்குத் தோன்றவில்லை. முழுச் சுகத்துக்காகவும் அவர் ஜெபித்தார். அன்றைய நாளுக்கு வேண்டியதையும் பெயர் சொல்லிக் கேட்டார். கிடைத்ததைக் கிடைத்ததென்று அறிவித்தார்.

மறுபக்கத்தையும் பார்த்திருக்கிறேன். ஒரு கூட்டத்தில் சொல்லப்பட்ட சாட்சியைக் கேட்டு, தாமும் விசுவாசத்தைக் கிரியையில் காட்ட வேண்டும் என்று தீர்மானித்து, டயாலிசிஸுக்கு வருவதை நிறுத்திய ஒருவரை, நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத்திணறும் நிலையில் நள்ளிரவில் கொண்டுவந்தார்கள். இப்படிப்பட்டவர்களுக்கு இரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயம் எந்த நேரமும் நின்றுவிடலாம். அந்தக் கூட்டத்தில் சாட்சி சொன்னவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். தாம் சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டிருந்தபோதே குணமடைந்ததை அவர் சொல்லாமல் விட்டிருந்தார். அந்த ஒரு வாக்கியம் விடுபட்டதுதான் இங்கே ஓர் உயிரை விளிம்புக்குக் கொண்டுவந்தது. பெரும்பாடுள்ள, அதாவது இரத்தப்போக்கினால் வருந்திய, ஸ்திரீ இயேசுவுக்கு முன்பாக விழுந்து "உண்மையையெல்லாம் அவருக்குச் சொன்னாள்" என்று மாற்கு எழுதுகிறார். பன்னிரண்டு வருஷம் வைத்தியரிடத்தில் அலைந்ததையும், பணமெல்லாம் தீர்ந்ததையும் அவர் மறைக்கவில்லை. சாட்சி சொல்பவர்கள் எல்லாரிடமும் நான் வேண்டுவது அந்த "எல்லாம்" என்பதைத்தான்.

ஆவடி விசுவாசி

சகோதரியின் பதிவை இருமுறை வாசித்தேன். எங்கள் சபையில் சுகத்தைக் குறித்த சாட்சியை மருத்துவ அறிக்கை வந்த பிறகே மேடையில் சொல்ல அனுமதிப்பது வழக்கம். மருந்தை நிறுத்தச் சொல்வது போதகருடைய வேலை அல்ல என்று எங்கள் பாஸ்டர் ஐயா திரும்பத் திரும்பச் சொல்வார். எல்லா இடங்களிலும் அப்படி இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனாலும் தானியேல் 3-ஐப் பற்றி நான் எழுப்பிய கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

சேகரத்து ஐயர்

அதற்கு நான் முயல்கிறேன். ஆவடிச் சகோதரருடைய அச்சத்தில் நியாயம் இருக்கிறது. அவர் சுட்டும் தவறான பயன்பாட்டை நானும் பிரேத ஆராதனைகளில் கேட்டிருக்கிறேன்.

சாத்ராக், மேஷாக், ஆபேத்நேகோ மூவரும் பேசியது யாரிடத்தில் என்பதைக் கவனிக்க வேண்டும். அவர்கள் அங்கே ஜெபிக்கவில்லை. ராஜாவுக்குப் பதில் சொல்கிறார்கள். "எங்கள் தேவன் எங்களைத் தப்புவிக்க வல்லவராயிருக்கிறார்" என்பது முதலாவது. "ராஜாவாகிய உம்முடைய கைக்கும் நீங்கலாக்கிவிடுவிப்பார்" என்பது அடுத்தது. அதற்குப் பிறகே "விடுவிக்காமற்போனாலும்" என்று வருகிறது. அதைத் தொடர்வது, உம்முடைய பொற்சிலையைப் பணிந்துகொள்வதில்லை என்ற தீர்மானம். தேவனிடத்தில் கேட்கும்போது அவர்கள் நம்பிக்கையைக் குறைத்துக்கொண்டதாக அங்கே ஒரு குறிப்பும் இல்லை. தேவன் எங்களை விடுவித்தால்தான் நாங்கள் அவருக்கு உண்மையாயிருப்போம் என்று நீ கணக்குப் போடாதே என்று நேபுகாத்நேச்சாருக்கு அறிவிக்கிறார்கள். எனவே அந்த வாக்கியம் நம் ஜெபத்தின் வாலில் ஒட்ட வேண்டியதன்று. நம்மை அச்சுறுத்தும் சூழ்நிலையின் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியது. ஜெபத்தில் குழந்தையைப்போல முழுவதையும் கேட்கலாம். சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனேயில் நம் ஆண்டவரும் முதலில் பாடுகளின் பாத்திரம் நீங்க வேண்டும் என்றே கேட்டார்.

எங்கள் நெல்லைச் சுற்றுவட்டாரத்துக்கு டோனாவூர் தெரியாத ஊரல்ல. 1895-இல் மிஷனரியாக இந்தியாவுக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார், 1931-இல் களக்காட்டில் ஒரு வீட்டைப் பார்க்கச் சென்ற இடத்தில் குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அதற்குப் பிறகு 1951 ஜனவரியில் மரிக்கும்வரை, ஏறக்குறைய இருபது வருஷங்கள், பெரும்பாலும் தம் அறையிலேயே கழித்தார். அவருடைய சுகத்துக்காக அவர் தொடங்கிய டோனாவூர் ஐக்கியம் ஜெபிக்காமலா இருந்திருக்கும்? எழுந்து நடமாடும் சுகம் திரும்பவில்லை. பல சிறுமிகளைத் தேவதாசி முறையிலிருந்து காத்தவர் என்று அவருடைய முதல் முப்பது வருஷங்களைப் பற்றியே நாம் சாட்சியாகப் பேசுகிறோம். அந்தப் படுக்கையிலிருந்து அவர் எழுதிய புத்தகங்கள் நோயுற்றோருக்குச் செய்த உபகாரத்தைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. விடுதலையைத் தேடி நாம் தவறான பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கிறோமோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

பவுலையும் பாருங்கள். இரண்டாம் தீமோத்தேயு 4-ஆம் அதிகாரத்தில் சிங்கத்தின் வாயிலிருந்து இரட்சிக்கப்பட்டேன் என்கிறார். கர்த்தர் எல்லாத் தீமையினின்றும் என்னை இரட்சிப்பார் என்கிறார். இரண்டு வசனம் தள்ளி, தம்மோடு ஊழியம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். மூன்றையும் ஒரே பக்கத்தில் எழுத அவர் தயங்கவில்லை. இவற்றுள் எதையும் வெட்டாமல் வாசிக்கிற சபையில் தேரிமணல் குறிப்பிட்ட பெற்றோருக்கும் இடம் இருக்கும்.

குமரிக்கடலோரம்

நான் கத்தோலிக்கன், மீனவக் குடும்பத்தைச் சேர்ந்தவன். எங்கள் கடற்கரையில் இந்தக் கேள்வி புத்தகக் கேள்வி அல்ல.

சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் திருப்பலியில் இருந்தவர்கள் ஆலயத்துக்குள் தண்ணீர் புகாமல் தப்பினார்கள் என்ற செய்தி உலகெங்கும் சாட்சியமாகச் சொல்லப்பட்டது. அதே நேரத்தில் கடற்கரையில் நின்றிருந்த திருப்பயணிகளும் கடை வைத்திருந்தவர்களும் ஏராளமாக அடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் சற்று முன்புதான் அதே ஆலயத்தில் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வெளியே போனவர்களாக இருந்திருப்பார்கள். "பூசையில் இருந்ததால் பிழைத்தோம்" என்ற வாக்கியத்தை யாராவது என் முன்னால் சொல்லும்போது, பூசை முடித்துப் போனவர்களைப் பற்றி என்ன சொல்வது என்று நான் கேட்டுவிடுகிறேன். "அன்று நான் பிழைத்தேன், ஏன் என்று தெரியவில்லை, இந்த உயிர் இனி ஆண்டவருடையது" என்று சொல்பவரிடம் எனக்கு ஒரு கேள்வியும் இல்லை. குளச்சல் போன்ற ஊர்களில் இன்றும் டிசம்பர் 26 அன்று, பிழைத்தவர்களின் நன்றியும் இழந்தவர்களின் கண்ணீரும் ஒரே வழிபாட்டில்தான் சேர்கின்றன.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலிலும் இதே கதை. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை என்று கரையோர ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போயிருந்த விசைப்படகுகளில் சில லட்சத்தீவிலும் மராட்டியக் கரையிலும் குஜராத்திலும் ஒதுங்கின. சில ஒதுங்கவே இல்லை. ஒரு தெருவில் ஒரு வீட்டுக்கு அலைபேசி அழைப்பு வந்தது. அடுத்த வீட்டுக்கு வரவில்லை. அழைப்பு வந்த வீட்டார் அன்றைக்கு வெடி வெடிக்கவில்லை, இனிப்பு கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்து செபமாலை சொன்னார்கள். தேரிமணல் அவர்களுடைய முதல் கேள்விக்கு எங்கள் தெருவின் பதில் அது.

திருத்தூதர் பணிகள் (அப்போஸ்தலர் நடபடிகள்) 27-ஆம் அதிகாரத்தைக் கடலோடிகள் வாசிக்கும் விதமும் சற்று வேறு. புயலில் சிக்கிய பவுலின் கப்பலில் இருந்த 276 பேரும் பிழைத்தார்கள் என்பதைக் கரையில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். கப்பல் உடைந்ததையும் சரக்கு கடலில் எறியப்பட்டதையும் நாங்கள் பார்க்கிறோம். பலகைகளையும் உடைந்த துண்டுகளையும் பிடித்துக்கொண்டுதான் சிலர் கரை சேர்ந்தார்கள். உயிர்ச்சேதம் இராது என்று கடவுள் பவுலுக்குச் சொன்னார். கப்பல் பிழைக்கும் என்று சொல்லவில்லை. படகும் வலையும் வங்கிக் கடனும் ஒன்றாக மூழ்கிய பிறகு கரை சேர்ந்தவனுடைய சாட்சியத்தில் நன்றியும் இருக்கும், அடுத்த மாதத் தவணை பற்றிய திகிலும் இருக்கும். இரண்டையும் சொல்ல விட வேண்டும்.

இன்னொன்று. பவுல் அந்தக் கப்பலில் எல்லாருக்கும் முன்பாக அப்பத்தை எடுத்து நன்றி சொல்லிப் பிட்டது கரை தெரிவதற்கு முன்பு, பதினான்காம் இரவு விடியும் நேரத்தில். இரண்டாம் கேள்விக்கு விடை அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம். வாக்குறுதியைச் சொன்னார், சாப்பிடச் சொன்னார், பிறகு நன்றி சொல்லித் தாமும் சாப்பிடத் தொடங்கினார். வெறும் வயிற்றோடு நீந்த முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தேரிமணல்

குமரிச் சகோதரருக்கு நன்றி. அந்தச் செபமாலையைப் பற்றி வாசித்தபோது என் கேள்வியைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. எப்படிச் சொல்வது என்பதோடு, எங்கே போய் உட்கார்வது என்பதும் இதில் இருக்கிறது.

ஒரு சிறு ஐயம். விடுவிக்கப்படாதவர்களைக் குறித்து "அவர்களுக்கு நித்திய விடுதலை கிடைத்தது" என்று உடனே சொல்லிவிடுகிறோமே, அது உண்மையே என்றாலும், துக்க வீட்டில் அதைச் சொல்ல வேண்டிய வேளை எது?

மட்டுநகரான்

அதற்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு பதில்.

2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு. எங்கள் நகரின் சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை முடிந்து பிள்ளைகள் வெளியே நின்ற வேளையில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் சிறுவர்கள் பலர். முதுகுப்பையில் குண்டோடு வந்தவனை உள்ளே விடாமல் முற்றத்தில் தடுத்து நிறுத்திய ஒருவர் அங்கேயே உயிரிழந்தார். உள்ளே ஆராதனைக்குக் கூடியிருந்தவர்கள் அவரால் பிழைத்தார்கள். இப்போது சொல்லுங்கள்: அன்றைக்குக் கர்த்தர் விடுவித்தாரா, இல்லையா? உள்ளே இருந்தவர் விடுவித்தார் என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய விடுதலைக்குள் இன்னொருவருடைய மரணம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு அவரால் சாட்சி சொல்லவே இயலாது. நம் இரட்சிப்பே அப்படிப்பட்டதுதானே.

நித்திய விடுதலையைப் பற்றிய பேச்சு எப்போது என்று கேட்டீர்கள். பிள்ளையை இழந்த தாயும் தகப்பனும் அதைத் தாங்களாகச் சொல்லும்போது நாம் "ஆமென்" சொல்லலாம். அதற்கு முன்பு அது நம்முடைய வாயிலிருந்து வர வேண்டியதில்லை. எங்கள் ஊரில் மன்னிப்பைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும் முதலில் பேசியவர்களில் இழந்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பேசியதனால்தான் அது சாட்சியாக இருந்தது. வெளியிலிருந்து வந்து மைக் பிடித்தவர்கள் அதையே சொன்னபோது அது வேறொன்றாக இருந்தது. அதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்கு மனமில்லை.

மாலைத் தியானம்

தம்பி மட்டுநகரானுக்கு என் வணக்கம்.

12-ஆம் அதிகாரத்துக்கே திரும்பி, தேரிமணல் தவறவிட்டதாக எனக்குத் தோன்றும் ஒன்றைச் சொல்கிறேன். பேதுரு விடுவிக்கப்பட்டதும் போய் நின்ற வீடு, யோவான் மாற்குவின் தாயாகிய மரியாளுடைய வீடு. யாக்கோபை இழந்த அதே எருசலேம் சபையார்தான் அங்கே கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். கதவருகே குரலைக் கேட்டு ஓடிவந்த ரோதை என்ற பெண்ணிடம், "நீ பிதற்றுகிறாய்" என்றார்கள். ஊக்கமாக ஜெபித்தவர்களே ஜெபம் கேட்கப்பட்டதை நம்பவில்லை; துக்கம் அவர்களை அந்த அளவுக்கு ஆட்கொண்டிருந்தது என்று நான் வாசிக்கிறேன். பேதுரு உள்ளே வந்து என்ன செய்தார்? பேசாமலிருக்கும்படி கையமர்த்தி, கர்த்தர் தம்மைக் காவலிலிருந்து விடுதலையாக்கின விதத்தை விவரித்தார். மற்றச் சகோதரருக்கும் அறிவிக்கச் சொன்னார். புறப்பட்டு வேறொரு இடத்துக்குப் போனார். நடந்ததைச் சொன்னார், அவ்வளவே. என் விசுவாசத்தினால் தப்பினேன் என்று ஒரு வார்த்தை இல்லை. உண்மையில் அவர் அங்கே விசுவாசம் காட்டியதாகவே எழுதப்படவில்லை. இரண்டு சேவகர் நடுவே தூங்கிக்கொண்டிருந்தார், தட்டி எழுப்ப வேண்டியிருந்தது, தெருவுக்கு வரும்வரை தரிசனம் என்றே நினைத்தார்.

விடுதலைக்கான காரணத்தைச் சாட்சிக்காரர் தம்மிடத்தில் கண்டுபிடிக்கும்போதுதான், அடுத்த பெஞ்சில் இருப்பவருக்கு அவருடைய இழப்பின் காரணமும் அவரிடத்திலேயே இருப்பதாகக் கேட்கிறது. "நாங்கள் நாற்பது நாள் உபவாசித்தோம், பிள்ளை பிழைத்தான்" என்ற வாக்கியம், முப்பத்தொன்பது நாள் உபவாசித்தவளை என்ன செய்யும்? உபவாசித்ததையும் சொல்லலாம், பிள்ளை பிழைத்ததையும் சொல்லலாம். இரண்டையும் முடிச்சுப் போடும் உரிமை நமக்கு இல்லை.

ஆவடி விசுவாசி

அக்கா சொன்ன கடைசி வாக்கியத்தோடு எனக்குச் சிறு முரண்பாடு உண்டு. ஜெபத்துக்கும் விடுதலைக்கும் தொடர்பே இல்லை என்று ஆகிவிடக் கூடாது. "விண்ணப்பத்தினால் எங்களுக்கு உதவிசெய்யுங்கள்" என்று பவுலே இரண்டாம் கொரிந்தியர் முதல் அதிகாரத்தில் கேட்கிறார்.

சேகரத்து ஐயர்

கேட்கிறார். அந்த வாக்கியத்துக்கு முன்பாகப் பிழைப்போம் என்கிற நம்பிக்கையே தங்களுக்கு அற்றுப்போயிருந்தது என்றும் எழுதுகிறார். பெரிய அப்போஸ்தலன் தம் நம்பிக்கை அற்றுப்போனதைச் சபைக்கு முன்பாக வாசிக்கக் கொடுக்கிறார். "இப்பொழுதும் தப்புவிக்கிறார், இன்னும் தப்புவிப்பார்" என்று அவர் முடிப்பது அந்த இடத்திலிருந்து எழும்போதுதான். சகோதரர் சொல்வதுபோல ஜெபத்துக்கும் விடுதலைக்கும் தொடர்பு உண்டு. அதை ஜெபித்தவர் தம் கணக்கில் எழுதிக்கொள்ளாமல், அநேகரால் ஸ்தோத்திரம் செலுத்தப்படும்படி பவுல் அதைச் சபையின் கணக்கில் வைக்கிறார். மாலைத் தியானம் அம்மா சொன்னதற்கும் இதற்கும் பகை இல்லை என்று நினைக்கிறேன்.

நடைமுறைக்கு வருவோம். எங்கள் சேகரத்தில் சாட்சி சொல்ல விரும்புவோரை முன்தினம் மாலையில் சந்தித்து இரண்டு காரியங்களை மட்டும் கேட்கிறோம். சிகிச்சையோ மனித உதவியோ பெற்றிருந்தால் அதையும் சொல்வீர்களா? இதே போராட்டத்தில் வேறு முடிவைக் கண்ட குடும்பம் நம் சபையில் இருந்தால், நாளை மேடையில் ஏறுவதற்கு முன்பு இன்று அவர்களைப் போய்ப் பார்ப்பீர்களா? இரண்டாவது கேள்விக்குப் பிறகு சிலர் சாட்சியை ஒரு வாரம் தள்ளிவைத்ததுண்டு. யாரும் அதனால் சாட்சியை விட்டுவிட்டதாக நான் காணவில்லை.

தேரிமணல்

ஐயரவர்களுக்கும் மற்ற அனைவருக்கும் நன்றி. சேகரக் கமிட்டியில் இந்த இரண்டு கேள்விகளையும் முன்வைக்க இருக்கிறேன். சாட்சி நேரத்துக்கு முன்பாக, இன்னும் விடுதலை வராதவர்களின் பெயரைச் சொல்லி ஜெபிக்கவும், அவர்கள் விரும்பினால் அவர்களே எழுந்து தங்கள் நிலையை உள்ளபடி சொல்லவும் இடம் கேட்பேன். "இதற்கு முடிவைச் சொல்லுங்கள்" என்று சிலர் வற்புறுத்துவார்கள் என்பதும் தெரியும். முடிவில்லாத சாட்சியைக் கேட்க நம் சபைகளுக்குப் பழக்கம் குறைவு.

இரவுப்பணிச் சகோதரியிடம் ஒன்று கேட்க வேண்டும். நோயாளிகளைப் பார்க்க வரும் ஜெபக்குழுவுக்கு நீங்கள் ஒரே ஒரு ஆலோசனை சொல்வதாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? எங்கள் ஊரிலிருந்து டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் இப்போது சிலர் இருக்கிறார்கள்.

இரவுப்பணி

ஜெபிப்பதற்கு முன்பு, "இன்றைக்கு எதற்காக ஜெபிக்க வேண்டும்?" என்று அவரிடமே கேளுங்கள். சில நாள் முழுச் சுகம் என்பார், சில நாள் தூக்கம் என்பார், சில நாள் போக்குவரத்துச் செலவு என்பார். கடைசியாகச் சொன்னதற்குச் சபையிலேயே பதில் இருக்கும். பழங்கள் வாங்கிப்போகாதீர்கள், வாழைப்பழத்திலும் ஆரஞ்சிலும் பொட்டாசியம் அதிகம், அவர்களால் மறுக்க முடியாமல் சாப்பிட்டுவிடுவார்கள். அடுத்த முறை போகும்போது, போன தடவை கேட்ட விண்ணப்பம் என்னவாயிற்று என்று மறக்காமல் விசாரியுங்கள். சாட்சி பெரும்பாலும் அந்த விசாரிப்பில்தான் வாய் திறக்கிறது.